காய்த்துக் கொட்டும் சீமை அத்தி: கொல்லை மரத்தை ஒரு பருவம் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் முறை

புனே அத்தி, டயானா, பிரவுன் டர்க்கி என்று நாற்றுப்பண்ணைகளில் விற்கும் சீமை அத்திக் கன்று, தரையில் ஊன்றிய 2, 3 ஆண்டுகளில் இலைக்கு ஒரு காய் என்று பிடிக்கத் தொடங்கிவிடும். 5, 6 வயதான மரத்தில் எந்தக் கிளையைப் பிடித்து இழுத்தாலும் காய்தான். ஆனால் அத்தனையும் பழமாகாது. பாதி கல்லாக நின்றுபோகும். கொஞ்சம் மழையில் வெடிக்கும், கொஞ்சம் புளித்து ஒழுகும், மீதியை அணிலும் கொண்டைக்குருவியும் பார்த்துக்கொள்ளும். தப்பித்துக் கைக்கு வருவதும் சில வீடுகளில் சப்பென்று இருக்கும்.

இதற்கெல்லாம் உரக்கடையில் மருந்து தேடுவதற்கு முன்னால் இரண்டு விஷயங்களைச் சரிசெய்ய வேண்டும். ஒன்று, காய்கள் எந்த மாதத்தில் பழுக்கின்றன என்பது. மற்றொன்று, ஒரு கிளையில் எத்தனை காய் விடுகிறோம் என்பது. இரண்டுமே நம் கையில் இருப்பவை. இந்த வழிகாட்டி தமிழ்நாட்டின் சமவெளிக் கொல்லைகளுக்காக எழுதப்பட்டது.

முதலில், இது காய்க்கிற மரம்தானா?

கடையில் வாங்கிய உலர் அத்தியின் விதையைப் போட்டு முளைக்கவைத்த மரம் என்றால், அதில் பிஞ்சு பிடித்துப் பிடித்து உதிர்வதற்கே வாய்ப்பு அதிகம். உலர் அத்தியில் பெரும்பகுதி ஸ்மிர்னா வகை. அது பழமாக வேண்டுமென்றால் ஆண் அத்தியிலிருந்து ஒரு சிறு குளவி மகரந்தம் கொண்டுவர வேண்டும். கலிபோர்னியாவில் 1880-களில் ஸ்மிர்னா அத்தியை நட்டவர்கள், அந்தக் குளவியைத் தருவித்து நிலைக்கவைத்த 1899 வரை பிஞ்சு உதிர்வதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். நம் கொல்லையில் அந்தக் குளவி கிடையாது. அப்படிப்பட்ட மரத்துக்கு எவ்வளவு உரம் போட்டாலும் வீண். நல்ல மரத்திலிருந்து பென்சில் கனமுள்ள போத்து வாங்கி வேர்பிடிக்கவைத்து, புதிதாக நடுவதே வழி.

மேலே சொன்ன புனே, டயானா, டர்க்கி மூன்றும் மகரந்தமே இல்லாமல் பழுப்பவை. "அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு" என்ற பழமொழி நாட்டு அத்திக்குப் பொருந்தும். அதற்குள் குளவி முட்டையிட்டுப் பெருகும். சீமை அத்திக்குள் அப்படி எதுவும் இல்லை. ஆகவே இதைப் பிட்டுப் பார்த்துப் புழு இருந்தால், அது வெளியிலிருந்து வந்த ஈயின் புழு. அதைத் தடுக்கும் வழி பின்னால் வருகிறது.

கவாத்துத் தேதிதான் அறுவடைத் தேதி

சீமை அத்தியின் முக்கியக் காய்ப்பு, புதிதாக விடும் குருத்தில்தான். கவாத்து செய்த 10 முதல் 15 நாளில் துளிர் வரும். இன்னும் ஒரு மாதத்தில் இலைக்கணுவில் மிளகு அளவுக்குப் பிஞ்சு தெரியும். அங்கிருந்து பழமாக 75 முதல் 90 நாள். மொத்தத்தில் கத்தரி வைத்த நாளிலிருந்து ஏறக்குறைய 4 மாதத்தில் முதல் பழம். இதைப் பின்னோக்கி எண்ணினால் தேதி கிடைத்துவிடும்.

பழுக்கும் காலத்தில் மழை கூடாது, வெயில் வேண்டும். ஆகவே சென்னை, கடலூர், காவிரிப் படுகை பக்கம் வடகிழக்குப் பருவமழையின் வேகம் அடங்கும் கார்த்திகைக் கடைசியில், அதாவது டிசம்பர் முதல் இரண்டு வாரங்களில், கவாத்து செய்தால் ஏப்ரல் தொடங்கி ஜூன் வரை பழம் வரும். மதுரை, திருச்சி போன்ற உள்மாவட்டங்களுக்கும் இதே தேதி பொருந்தும். கோவை, பொள்ளாச்சி பக்கம் ஜூனிலேயே தென்மேற்கு மழை நனைத்துவிடும். அங்கே மழை இடைவெளி பார்த்து நவம்பர் கடைசியிலேயே முடித்துவிடுவது நல்லது. அக்டோபரில் வெட்டினால் அடைமழையில் துளிர்விட்டு, இளம் இலை முழுக்கத் துரு நோய் பிடிக்கும். ஜூன், ஜூலையில் கடுமையாக வெட்டினால் காய் ஐப்பசி மழையில் வந்து மாட்டும்.

ஆண்டுக்கு இரண்டு முறை காய்ப்புக்கு விடலாமே என்று தோன்றும். முதல் காய்ப்பு முடிந்ததும் நுனிகளைக் கிள்ளிவிட்டால் செப்டம்பரில் இன்னொரு சுற்று கொஞ்சம் வரும், வந்தவரை லாபம். அதற்காக இரண்டாவது கவாத்தும் உரமும் கொடுத்து மரத்தை விரட்ட வேண்டாம். அடுத்த ஏப்ரல் காய்ப்பு இளைத்துவிடும்.

கவாத்து செய்யும் விதம்

வெட்டுவதற்கு 2 வாரம் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். மழை நின்றபாடில்லை என்றால் மரத்தடியில் வடிகால் கீறிவிட்டால் போதும். வெட்டும் நாளில் முழுக்கைச் சட்டையும் ரப்பர் கையுறையும் கட்டாயம். அத்திப்பாலும் இலைச்சாறும் பட்ட தோலில் வெயில் பட்டால், மறுநாளோ அதற்கடுத்த நாளோ கொப்புளம் கிளம்பி, தழும்பு வாரக்கணக்கில் கறுத்து நிற்கும். மாலை 4 மணிக்கு மேல் வேலையைத் தொடங்கி, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகால் கழுவுங்கள். குழந்தைகளைக் கிளை இழுக்க விடாதீர்கள்.

தாய்த்தண்டிலிருந்து பிரியும் பெருங்கிளைகளில் வலுவான 6 அல்லது 8 மட்டும் இருக்கட்டும். அடியிலிருந்து கிளம்பும் பக்கக்கன்றுகள், உள்நோக்கி வளர்ந்து ஒன்றோடொன்று உரசும் கிளைகள், நடுவில் ஓங்கிச் செல்லும் போத்துகள் எல்லாவற்றையும் அடியோடு எடுத்துவிடுங்கள். மிச்சமுள்ளவற்றில் போன பருவம் வளர்ந்த குச்சிகளை 2 அல்லது 3 கணு விட்டு, வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்கு ஒரு செ.மீ. மேலே சாய்வாக வெட்டுங்கள். வேலை முடிந்ததும் மரம் 6 அடிக்கு மேல் இருக்கக் கூடாது. தரையில் நின்றபடி கைக்கு எட்டாத பழம் நமக்கானது அல்ல.

கட்டைவிரலை விடத் தடித்த வெட்டுக்காயங்களில் பால் நின்றதும் ஈரத்துணியால் துடைத்து, போர்டோ பசை தடவுங்கள். 100 கிராம் மயில்துத்தம், 100 கிராம் நீர்த்த சுண்ணாம்பு, ஒரு லிட்டர் தண்ணீர். மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் அரை லிட்டரில் தனித்தனியே கரைத்து, மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளிதான்; இரும்புப் பாத்திரம் ஆகாது. ஒரு மரத்துக்குக் கால் லிட்டர் பசை தாராளம், அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். செய்த அன்றே தீர்த்துவிட வேண்டும்.

சோறும் தண்ணீரும்

கவாத்து முடிந்த வாரமே, தண்டிலிருந்து இரண்டடி தள்ளி வட்டமாக நான்கு விரல் ஆழத்துக்குக் கொத்திவிட்டு, 20 கிலோ மக்கிய தொழுஉரமும் ஒரு கிலோ வேப்பம்புண்ணாக்கும் போட்டு மண்ணை மூடுங்கள். பிஞ்சு பட்டாணி அளவு ஆனதும் இன்னொரு 5 கிலோ மண்புழு உரம். அடுப்புச் சாம்பல் கிடைத்தால் இரண்டு கைப்பிடி தூவலாம், ஆனால் உவர் மண்ணிலும் சுண்ணாம்பு மண்ணிலும் வேண்டாம். யூரியா பக்கம் போகவே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. தழைச்சத்து மிகுந்தால் இலை யானைக்காது போல விரியும், குருத்து ஆள் உயரம் போகும், காய் பழுக்காமல் பச்சையாகவே தொங்கும்.

தண்ணீரில் அளவை விட ஒழுங்கு முக்கியம். செம்மண், வண்டல் மண்ணில் 5 வயது மரத்துக்கு வாரம் இருமுறை 40 முதல் 50 லிட்டர். மணற்பாங்கான கடற்கரைக் கொல்லையில் ஒருநாள் விட்டு ஒருநாள் 25 லிட்டர். ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்து மொத்தமாகக் குழாயைத் திறந்துவிட்டால், காய்ந்த மரம் ஒரே மூச்சில் உறிஞ்சும்; பழுக்கும் நிலையில் இருக்கும் காயின் தோல் அந்த வேகத்துக்கு விரியாமல், கண்ணிலிருந்து (காயின் அடியிலுள்ள சிறு துளை) காம்பு வரை பிளந்துவிடும். தென்னை மட்டை, காய்ந்த சருகு எதுவானாலும் அரையடிக் கனத்துக்கு மூடாக்குப் போடுங்கள். தண்டை ஒட்டி ஒரு சாண் இடைவெளி விடாவிட்டால் கரையான் ஏறும்.

எண்ணி விடுதல்

மனசு வராத வேலை இதுதான். குருத்தில் 6-வது இலை விரிந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். கணுவில் உறங்கும் பிஞ்சுகள் விழித்துக்கொள்ளும். பக்கத்தில் புதுக் குருத்து கிளம்பினால் ஒன்றை மட்டும் விட்டு, அதையும் 5, 6 இலையில் கிள்ளுங்கள்.

இனி கணக்கு. 10, 12 நல்ல இலை உள்ள குருத்தில் 6 காய், மிஞ்சிப்போனால் 8. சுண்டுவிரலை விட மெலிந்த குருத்தில் 3. ஒரே கணுவில் இரட்டைக்காய் இருந்தால் சிறியதை எடுத்துவிடுங்கள். 7 பெருங்கிளை, கிளைக்கு 3 குருத்து, குருத்துக்கு 6 காய் என்றால் 126 காய். ஒன்று 50 கிராம் வைத்தாலும் ஒரு சுற்றில் 6 கிலோவுக்கு மேல். அந்த மரத்தில் 300 காயை விட்டாலும் பெரிய வித்தியாசமில்லாத எடைதான் வரும். இனிப்புதான் பங்குபோட்டுக் குறையும்.

பிஞ்சு சுண்டைக்காய் அளவில் இருக்கும்போதே பறித்துவிடுவது நல்லது. குருத்தின் அடிப்பகுதிக் காய்கள் மூத்தவை, முதலில் பழுப்பவை. அவற்றை வைத்துக்கொண்டு நுனிப்பக்கத்துக் கடைசிப் பிஞ்சுகளை எடுக்க வேண்டும். மே கடைசியில் இன்னும் கோலிகுண்டு அளவில் நிற்பவை மழைக்கு முன் பழுக்கப்போவதில்லை, தயங்காமல் எடுங்கள். பறித்ததைப் பச்சையாகக் கடித்தால் பால் உதட்டையும் நாக்கையும் புண்ணாக்கும். துருக்கியிலும் கிரீஸிலும் இந்தப் பச்சைக்காயை மூன்று நான்கு முறை தண்ணீர் மாற்றி வேகவைத்துப் பால் போக்கி, சர்க்கரைப் பாகில் ஊறப்போட்டு இனிப்பாக்குகிறார்கள். கொஞ்சம் பெரிய காயாக, நிறையக் கிடைத்தால் செய்து பார்க்கலாம்.

அத்தி மரம் மெது மரம். காய் பாரத்தோடு ஒரு சித்திரை மாதக் காற்று அடித்தால் கிளை கவட்டையோடு பிளந்து இறங்கும். தாழ்ந்த கிளைகளுக்கு மூங்கில் கவட்டைக் கம்பால் முட்டுக் கொடுங்கள். கம்பு படும் இடத்தில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றினால் பட்டை உரியாது.

காயைப் படிக்கத் தெரிய வேண்டும்

சீமை அத்திக்காய் ஒரே சீராக வளராது. முதல் ஐந்தாறு வாரம் மளமளவென்று பெருக்கும். பிறகு ஒரு மாதம் போல அசையாமல் கல்லாக நிற்கும். இந்தக் கட்டத்தில்தான் பலர் மரத்துக்கு ஏதோ குறை என்று உரத்தை அள்ளிப் போட்டுக் கெடுக்கிறார்கள். குறை ஒன்றுமில்லை, உள்ளே வேலை நடக்கிறது. கடைசி ஒரு வாரத்தில் காய் திடீரென்று இரண்டு மடங்கு உப்பும், நிறம் ஏறும், இனிப்பு இறங்கும். பழத்தின் சர்க்கரையில் பெரும்பகுதி அந்த வாரத்தில் வருவதுதான். இரண்டு நாள் முன்னால் பறித்த பழம் சப்பென்று இருப்பது அதனால்தான். பறித்தபின் அத்தி மெத்தென்று ஆகுமே தவிர, இனிக்காது.

பழுத்த பழத்தின் அடையாளம் நிறம் அல்ல. பச்சையாகவே பழுக்கும் டயானா போன்ற வகைகளில் நிறத்தை நம்பினால் ஏமாந்துபோவோம். கழுத்தைப் பாருங்கள். காய் கிளையிலிருந்து விறைப்பாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பழம் கழுத்து தளர்ந்து தலைகவிழ்ந்து தொங்கும். தோலில் நெடுக்காக மெல்லிய வெள்ளைக் கீறல்கள் ஓடும். அடியிலுள்ள கண்ணில் தேன்துளி போல ஒன்று திரண்டு நிற்கும். விரலால் தொட்டால் காதுமடல் பதம் இருக்கும். மேலே தூக்கினால் காம்பு கையோடு வரும், வெட்டில் பால் வராது. பால் சொட்டினால் அது இன்னும் காய்.

மழை அறிவிப்பு வந்துவிட்டது, காய்கள் கல்லாக நிற்கின்றன என்றால் ஒரு பழைய உபாயம் உண்டு. கண்ணின் ஓரம் லேசாகச் சிவக்கத் தொடங்கிய காய்களின் கண்ணில் மட்டும், காது குடையும் பஞ்சுக்குச்சியால் ஆலிவ் எண்ணெயோ நல்லெண்ணெயோ ஒரு பொட்டு வையுங்கள். காயைச் சுற்றித் தடவக் கூடாது. 5 முதல் 8 நாளில் பழுத்துவிடும். கண் சிவக்காத இளங்காயில் வைத்தால் சுருங்கி உதிரும். எல்லாக் காய்க்கும் வைத்தால் எல்லாமும் ஒரே நாளில் பழுத்துத் திண்டாட வைக்கும். தினம் பத்துப் பத்தாக வையுங்கள்.

பங்காளிகள்

கொண்டைக்குருவி, மைனா, குயில், கிளி பகலில், வௌவால் இரவில், அணில் விடிந்ததும் விடியாததுமாக. மரம் முழுக்க மெல்லிய நைலான் வலை போர்த்துவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். குருவியும் வௌவாலும் பாம்பும் சிக்கித் துடித்துச் சாகும். வலை போட்டே ஆகவேண்டும் என்றால் சுண்டுவிரல் நுழையாத கண்ணுள்ள கெட்டி வலையைப் பந்தல் போலச் சட்டம் கட்டி, மரத்தில் படாமல் போடுங்கள்.

சுருக்குக் கயிறு வைத்த வெள்ளை வலைத்துணிப் பைதான் வீட்டு மரத்துக்குச் சரி. 15க்கு 20 செ.மீ. அளவில், காய் கடைசி உப்பலைத் தொடங்கும்போது போட்டு, காம்பில் இறுக்கிக் கட்டுங்கள். பை தொளதொளவென்று இருந்தால்தான் அலகு எட்டாது. சிற்றெறும்பு, பழ ஈ, வண்டு எல்லாமும் இதோடு தடைபடும். அணில் மட்டும் பையைக் கடிக்கும். மரம் சுவரையும் வேறு மரத்தையும் தொடாமல் தனியே நின்றால், தரையிலிருந்து 3 அடி உயரத்தில் ஒன்றரை அடி அகலத் தகரப்பட்டை சுற்றலாம். தொட்டுக்கொண்டு நின்றால் பட்டை பயன்படாது. மாலை ஒருமுறை, விடிகாலை ஒருமுறை பறித்துவிடுவதே வழி. உச்சியில் எட்டாத நாலு பழத்தை அவற்றுக்கே விட்டுவிடுங்கள்.

கெடுதல்களும் காரணங்களும்

இலையின் மேல்பக்கம் மஞ்சள் புள்ளி, திருப்பினால் பழுப்பு நிறத் தூள், விரலில் ஒட்டும்: இது துரு நோய். நம் ஊரில் அத்திக்கு முதல் எதிரி இதுதான், மார்கழிப் பனியில் வேகமாகப் பரவும். இலை கொட்டிவிட்டால் காய்க்குச் சர்க்கரை அனுப்ப ஆளில்லை, காய் சுருங்கி நின்றுவிடும். விழுந்த இலைகளைப் பெருக்கி அப்புறப்படுத்துவது பாதி மருந்து. மீதிப் பாதி, ஒரு சதவீத போர்டோ கலவை: 10 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் மயில்துத்தம், 100 கிராம் நீர்த்த சுண்ணாம்பு. துளிரில் 3 இலை விரிந்ததும் ஒருமுறை, 15 நாள் கழித்து ஒருமுறை, இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். தெளிக்கும் முன் தீட்டிய இரும்புக் கத்தியைக் கலவையில் ஒரு நிமிடம் முக்கிப் பாருங்கள். செம்புநிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, அப்படியே அடித்தால் இலை கருகும். காய் உப்பத் தொடங்கியபின் தெளிக்க வேண்டாம்.

பழத்தின் கண்ணிலிருந்து இளஞ்சிவப்பாக நீர் ஒழுகி, கள் வாடை அடித்தால் புளித்துவிட்டது என்று அர்த்தம். சிறு பழ ஈயும் வண்டும் திறந்த கண் வழியாகப் புகுந்து நொதிக்கும் ஈஸ்ட்டைக் கொண்டுவிடுகின்றன. அவை பெருகுவது தரையில் கிடக்கும் பழத்தில். ஆகவே விழுந்ததையும் மரத்தில் அழுகியதையும் தினமும் பொறுக்கி ஓரடி ஆழத்தில் புதையுங்கள். இதைத் தவறாமல் செய்யும் வீட்டில் புளிப்பு அழுகல் தானாகக் குறையும்.

தண்டில் ஓட்டை, அடியில் மரத்தூள் கொட்டிக் கிடந்தால் உள்ளே தண்டுதுளைப்பான் புழு இருக்கிறது. வளைந்த கம்பியை விட்டுக் குத்தி இழுத்து, மண்ணெண்ணெய் நனைத்த பஞ்சை உள்ளே திணித்து, களிமண்ணால் அடைத்துவிடுங்கள். மாவுப்பூச்சிக்கு லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயில் சிறிது சோப்புக் கரைசல் கலந்து மாலையில் அடிக்கலாம். இலை தேமல் பிடித்தது போல மஞ்சளும் பச்சையுமாகக் கோணினால் தேமல் வைரஸ். மருந்தில்லை, மரம் காய்க்கிறவரை காய்க்கட்டும், அதிலிருந்து போத்து எடுத்து யாருக்கும் கொடுக்காதீர்கள்.

குவியும் பழத்தை என்ன செய்வது

காம்போடு கத்தரித்து, தட்டில் ஒரே அடுக்காக வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் சாயங்காலத்துக்குள் கசங்கும். கழுவாமல் குளிர்சாதனப் பெட்டியில் 3, 4 நாள் நிற்கும். தின்னும்போது கழுவினால் போதும்.

ஏப்ரல், மே வெயில் உலர்த்துவதற்கென்றே வாய்த்தது. மரத்திலேயே கொஞ்சம் வாடிய பழம் சிறப்பு. கழுவி, கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து, ஈரம் போனதும் மூங்கில் தட்டில் பரப்பி, மல்லுத்துணி போர்த்தி வெயிலில் வையுங்கள். இரண்டாம் நாள் மாலை ஒவ்வொன்றையும் விரலால் அழுத்தித் தட்டையாக்கித் திருப்பிப் போடுங்கள். இரவில் வீட்டுக்குள். 4 முதல் 6 நாளில், பிய்த்தால் உள்ளே ஈரம் கசியாமல் தோல் போல வளையும் பதம் வரும். 3, 4 கிலோ பழத்துக்கு ஒரு கிலோ தேறும். உடனே டப்பாவில் அடைத்துவிடாமல், கண்ணாடி ஜாடியில் முக்கால் பங்கு நிரப்பி ஒரு வாரம் தினமும் குலுக்கிப் பாருங்கள். கண்ணாடியில் நீர்முத்து கோத்தால் மறுபடி வெயில் காட்ட வேண்டும். பிறகு 2, 3 நாள் உறைபெட்டியில் வைத்தெடுத்தால் கண்ணுக்குத் தெரியாத பூச்சிமுட்டை அழியும்.

ஜாமுக்கு ஒரு கிலோ பழம், அரைக்கிலோ சர்க்கரை, 4 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு. எலுமிச்சையைக் குறைக்காதீர்கள். அத்தியில் புளிப்பு மிகக் குறைவு. கிருமி வளராமல் தடுக்கவும் ஜாம் இறுகவும் அந்தச் சாறு வேண்டும். குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் கோடு போட்டால் கோடு மூடாமல் நிற்கும்போது இறக்கி, வெந்நீரில் கொதிக்கவைத்த பாட்டிலில் ஊற்றி, குளிர்சாதனப் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசிப் பழமும் இறங்கியபின் தண்ணீரைப் பாதியாகக் குறைத்து, மரத்தில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும் பழங்களைப் பறித்துப் புதைத்துவிடுங்கள். பைகளைத் துவைத்துக் காயவைத்து எடுத்து வைத்தால் அடுத்த ஏப்ரலுக்கு ஆகும்.